மீத்திறன் குழந்தைகளின் உளத்தேவைகள்: கலைச்சொல்லாக்க நோக்கில் சில சிந்தனைகள்

மீத்திறன் குழந்தைகளைப் பற்றிய உளவியல் எழுத்துகள் தமிழில் வரத் தொடங்கி நெடுங்காலம் ஆகிறது. ஆசிரியர் பயிற்சி நூல்களிலும் கல்வி உளவியல் பாடநூல்களிலும் பெற்றோர்க்கான கையேடுகளிலும் இப்பொருள் ஓர் இயலாகவோ ஒரு பத்தியாகவோ இடம்பெற்று வருகிறது. இவற்றுட் பல மொழிபெயர்ப்புகள்; மொழிபெயர்ப்பு என்று தம்மைக் கூறிக்கொள்ளாதவையும் பிறமொழி நூல்களைத் தழுவியே எழுந்தவை. இக்குழந்தைகளின் அறிவாற்றலைக் குறிக்கும் சொற்கள் இன்று ஓரளவு நிலைபெற்றுவிட்டன. அவர்களுடைய சமூகத் தேவைகளையும் மனவெழுச்சித் தேவைகளையும் பேசும் சொற்களோ இன்னும் தடுமாற்றத்திலேயே உள்ளன.

இத்தடுமாற்றம் சொற்பஞ்சத்தால் வந்ததன்று. ஒவ்வொரு கலைச்சொல்லுக்குள்ளும் ஒரு கோட்பாடு ஒடுங்கியிருக்கிறது. குழந்தையின் இடர்ப்பாடு எங்கிருந்து எழுகிறது என்பது பற்றிய ஒரு தீர்ப்பும் அதனுள் அடங்கியிருக்கிறது. அவ்விடர்ப்பாடு குழந்தையின் இயல்பிலுள்ள குறையா, குழந்தைக்கும் சூழலுக்கும் இடையே விழுந்த இடைவெளியா என்பதைப் பல நேரங்களில் சொல்லே முடிவுசெய்துவிடுகிறது. மூலத்தில் இடைவெளியாக இருப்பது தமிழில் குறையாக மாறிவிடுமாயின், அந்நூலைப் பயின்று வெளிவரும் ஆசிரியர் குழந்தையைத் திருத்த முற்படுவாரேயன்றி வகுப்பை மாற்றியமைக்க எண்ணார். இவ்வகைச் சொற்கள் சிலவற்றை அவற்றின் பிறப்பிடத்தோடும் கோட்பாட்டுப் பின்னணியோடும் வைத்து ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

முதற்கண் 'மீத்திறன்' என்னும் சொல்லையே நோக்கலாம். ஆங்கில மூலச்சொல் 'கொடை பெற்ற' என்னும் பொருளுடையது. கொடுத்தவன் ஒருவன் உண்டு என்னும் குறிப்பு அதில் உள்ளது. தமிழில் 'கருவிலே திருவுடையார்' என்னும் தொடர் ஏறத்தாழ அக்குறிப்பைத் தரவல்லது. எனினும் கலைச்சொல்லாக்கியோர் அதனை விடுத்து 'மீ' என்னும் முன்னொட்டைத் தேர்ந்தனர். இது நல்ல தேர்வே. மீமிசை, மீக்கூற்று முதலிய ஆட்சிகளில் 'மீ' என்பது மேல், உயர்வு என்னும் பொருளைத் தருகிறது. அளவு கடந்தது என்னும் பழிப்பு அதில் இல்லை. ஆனால் சொல் நன்றாயினும் வழக்கு அதனை வேறு திசையில் இழுத்துச் சென்றுவிட்டது. தமிழகப் பள்ளிகளில் 'மெல்லக் கற்போர்' என்பதற்கு எதிர்ச்சொல்லாக 'மீத்திறன் மாணவர்' என்பது வழங்குகிறது. அங்கு அது பெரும்பாலும் தேர்வில் மிகுந்த மதிப்பெண் பெறுபவரையே சுட்டுகிறது. உளவியல் நூல் சொல்லும் மீத்திறன் குழந்தை வகுப்பில் சலிப்புற்று மதிப்பெண் இழந்த குழந்தையாகவும் இருக்கக்கூடும். பள்ளி வழக்கோடு பழகிய வாசகர் அத்தகைய குழந்தையை இச்சொல்லின் எல்லைக்குள் காணவே மாட்டார்.

வயதும் ஈவும்

பிரான்சில் ஆல்ஃபிரெட் பினேயும் தியோடோர் சிமோனும் 1905-இல் தம் அளவுகோலை வெளியிட்டனர். கற்றலில் பின்தங்கித் தனி உதவி வேண்டும் குழந்தைகளை இனங்காண்பதே அதன் நோக்கமாக இருந்தது. 1908-இல் வந்த திருத்தப் பதிப்பில் வினாக்கள் வயதுவாரியாக வரிசைப்படுத்தப்பட்டன. பினே கையாண்ட சொல் 'நீவோ மாந்தால்', அதாவது மனமட்டம். ஆங்கில வழக்கில் நிலைபெற்றதோ 'மனவயது' என்பது. ஜெர்மனியில் வில்லியம் ஷ்டெர்ன் 1912-இல் அவ்வயதை உடல்வயதால் வகுத்து ஈவாக்கினார். அமெரிக்காவில் லூயிஸ் டெர்மன் 1916-இல் அவ்வீவை நூறால் பெருக்கி முழுவெண்ணாக வழங்கினார். ஆறு வயதுக் குழந்தை பத்து வயதினர்க்குரிய வினாக்களை விடுத்தால் அதன் ஈவு ஏறத்தாழ 167 ஆகும். தமிழகத்தில் இதனை 'நுண்ணறிவு ஈவு' என்றும் இலங்கையில் 'நுண்மதி ஈவு' என்றும் வழங்குகிறோம்.

மட்டம் வயதாக மாறியபோது நேர்ந்தது சிறு மாற்றமன்று. மட்டம் என்பது நீர்மட்டம்போல ஏறலாம், இறங்கலாம். அளக்கப்படும் பொருளையே அது குறிக்கும். வயது ஆளைக் குறிக்கும். தமிழில் இவ்வேறுபாடு ஆங்கிலத்தைக் காட்டிலும் கூர்மையானது. 'வயது வந்தவர்', 'வயதுக்கேற்ற நடத்தை', 'வயதுக்கு மரியாதை' என்னும் தொடர்களில் வயது என்பது காலக்கணக்காக நில்லாமல் கடமையாகவும் உரிமையாகவும் நிற்கிறது. ஆகவே 'இக்குழந்தையின் மனவயது பத்து' என்று படிக்கும் தமிழ்ப் பெற்றோர், அறிவில் மட்டுமன்றிப் பொறுமை, அடக்கம், அழாதிருத்தல் ஆகியவற்றிலும் பத்து வயதை எதிர்பார்ப்பது இயல்பே. அளவுகோல் அவற்றுள் ஒன்றையும் அளக்கவில்லை. 'மனமட்டம்' என்று பெயர்த்திருந்தால் இம்மயக்கம் பெரிதும் குறைந்திருக்கும். 'மனவயது' வேரூன்றிவிட்ட இக்காலத்தில் அதனை நீக்க முடியாதெனினும், அது முதன்முதல் வருமிடத்திலேனும் மொழிபெயர்ப்பாளர் இவ்விளக்கத்தைத் தருதல் நலம்.

'ஈவு' என்பதும் இன்று பெயரளவில்தான் ஈவு. டேவிட் வெக்ஸ்லர் 1939-இல் வெளியிட்ட அளவுகோலிலிருந்து வகுத்தல் முறை கைவிடப்பட்டது. ஒருவர் தம் வயதொத்தாரிடையே எவ்விடத்தில் நிற்கிறார் என்பதை, சராசரி 100 என்றும் திட்டவிலக்கம் 15 என்றும் கொண்டு கணிக்கும் முறை வந்தது. ஸ்டான்ஃபோர்டு–பினே அளவுகோலும் 1960-இல் இதையொத்த முறைக்கு மாறியது. ஆகவே பழைய நூல்களில் வரும் 180-ஐயும் இக்கால அறிக்கைகளில் வரும் 145-ஐயும் ஒரே அளவுகோலின் இரு புள்ளிகளாகக் கொள்ளலாகாது. பழைய நூல்களைப் பெயர்ப்போர் இதற்கோர் அடிக்குறிப்பு எழுதாது விடுவது வாசகரை வழிதவறச் செய்வதாகும்.

பிஞ்சும் பழமும்

இத்தாலியரான சேசரே லொம்புரோசோ பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேதைமையையும் மனநோயையும் ஒரே வேரின் இரு கிளைகளாகக் கண்டார். விரைந்து முதிர்ந்த குழந்தை விரைந்தே கெடும் என்பது மேனாட்டுப் பொதுமக்களின் நம்பிக்கையாகவும் இருந்தது. இந்நம்பிக்கையைச் சான்றுகொண்டு எதிர்த்தவர் டெர்மன். கலிபோர்னியாவில் 1921-இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வில் 1,528 குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். ஆய்வின் முதல் தொகுதி 1925-இலும் ஐந்தாம் தொகுதி 1959-இலும் வெளிவந்தன. இக்குழந்தைகள் ஒரு குழுவாக நோக்குமிடத்து உடல்நலத்திலும் மனப்பொருத்தத்திலும் பிறர்க்குச் சற்றும் தாழ்ந்தவரல்லர் என்பது டெர்மன் கண்ட முடிவு. தெரிவுமுறையில் குறைகள் உண்டு. ஆசிரியர் பரிந்துரையைச் சார்ந்திருந்தமையால் வசதியுள்ள குடும்பத்துக் குழந்தைகளே மிகுதியாகச் சேர்ந்தனர். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வாரெஸும் சிறுவயதில் இவ்வாய்வுக்காகச் சோதிக்கப்பெற்றுத் தெரிவாகாது போயினர்.

இத்தொகுதிகளின் பொதுத்தலைப்பிலேயே மொழிபெயர்ப்பாளர்க்கு ஒரு கண்ணி உள்ளது. அதில் வரும் 'ஜெனெட்டிக்' என்னும் அடையை 'மரபியல்' என்று பெயர்க்கக் கை தானே நீளும். அக்கால உளவியலில் அச்சொல் தோற்றம் முதலான வளர்ச்சிப் போக்கைக் குறித்தது. ஆகவே 'மேதைமையின் வளர்ச்சிநிலை ஆய்வுகள்' என்பதே பொருந்தும். டெர்மன் மரபுவழிக் கொள்கையில் பற்றுடையவர் என்பது உண்மையே. எனினும் தலைப்பு அதனைச் சொல்லவில்லை.

முன்முதிர்ச்சியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 'பிரிகோஷஸ்' என்பது. அதன் இலத்தீன் மூலத்தில் 'முன்' என்னும் ஒட்டும் 'சமைத்தல், பக்குவமாக்கல்' என்னும் வினையும் உள்ளன. பருவத்துக்கு முன்பே பழுக்கும் கனிக்கு வழங்கியது பின்னர்க் குழந்தைக்கு ஆயிற்று. தமிழிலும் 'சமைதல்' என்பதற்குப் பக்குவமாதல், பூப்பெய்தல் என்னும் பொருள்கள் இருத்தல் மொழியியலார்க்குச் சுவையான ஒற்றுமையாகும். உருவகமும் நம்மிடம் ஆயத்தமாக உள்ளது: 'பிஞ்சிலே பழுத்தது'. ஆனால் உருவகம் ஒன்றாயிருப்பதை நம்பி இதனைக் கைக்கொண்டால் பொருள் கெடும். ஆங்கிலச் சொல் இன்று பாராட்டாகவும் இலேசான கேலியாகவும் வழங்குகிறது. தமிழ்த்தொடரோ ஒழுக்கம் பற்றிய வசை. பிஞ்சிலே பழுத்தது வெம்பி விழும் என்பது அதன் உள்ளுறை. லொம்புரோசோவின் கருத்து முழுவதும் அந்த 'வெம்புதல்' என்னும் ஒரு வினையில் அடங்கிவிடுகிறது. டெர்மன் மறுத்த கருத்தை டெர்மனைப் பற்றிய தமிழ்க் கட்டுரைக்குள்ளேயே நாம் மீண்டும் நுழைத்துவிடலாகாது. 'முன்முதிர்ச்சி' என்னும் வறண்ட சொல்லே இங்குப் பாதுகாப்பானது.

இடைவெளி என்னும் கருத்து

டெர்மனின் பொதுமுடிவு ஒரு குழுவின் சராசரியைப் பற்றியது. அச்சராசரிக்கு மேலே உச்சியில் நிற்கும் சிலரைத் தனியே நோக்கியவர் நியூயார்க்கில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் பணியாற்றிய லீட்டா ஹாலிங்வர்த் (1886–1939). மீத்திறன் குழந்தைகளைப் பற்றிய அவருடைய பாடநூல் 1926-இல் வெளிவந்தது. ஈவு 180-க்கு மேற்பட்ட பன்னிரு குழந்தைகளை நெடுங்காலம் தொடர்ந்து கண்டு எழுதிய நூலை அவர் மறைவுக்குப்பின் கணவர் நிறைவுசெய்து 1942-இல் வெளியிட்டார். இத்துறையில் தமிழாக்கத்துக்கு முதன்மையாக வேண்டப்படும் நூல் இதுவே என்பது என் கருத்து. எண்களைக் காட்டிலும் குழந்தைகளைக் கூர்ந்து நோக்கிய குறிப்புகள் இதில் மிகுதி.

ஹாலிங்வர்த் கண்ட சிக்கல்கள் எளிய சொற்களில் கூறத்தக்கவை. குழந்தையின் அறிவு முன்னே ஓடுகிறது. உடலும் உணர்ச்சியும் தம் வயதிலேயே நிற்கின்றன. ஏழு வயதுக் குழந்தை சிக்கலான விதிகளோடு ஒரு விளையாட்டைப் புனைகிறது. உடனொத்த ஏழு வயதினர்க்கு அவ்விதிகள் புரிவதில்லை. அது பயன்படுத்தும் சொற்களும் புரிவதில்லை. விதிகள் புரியக்கூடிய பத்து, பதினொரு வயதினரோ இச்சிறு உருவத்தைத் தம் கூட்டத்தில் சேர்ப்பதில்லை. விளைவு தனிமை, சில குழந்தைகள் கற்பனைத் தோழரைப் படைத்துக்கொள்கின்றன. தலைமை பற்றியும் அவர் ஒரு நுட்பமான கருத்தைக் கூறுகிறார். குழுவின் தலைவன் குழுவினரைவிட அறிவுடையவனாக இருப்பான். ஆனால் வேறுபாடு ஏறத்தாழ முப்பது புள்ளிகளைக் கடந்துவிட்டால் குழு அவனைத் தலைவனாக ஏற்காது. அவன் பேச்சு அவர்களைச் சென்றடையாது. ஆகவே 125 முதல் 155 வரையான ஈவுடையோர் சமூக வாழ்வுக்கு மிகப் பொருத்தமான இடத்தில் உள்ளனர் என்றும், அதற்குமேல் செல்லச்செல்லத் தனிமை கூடுகிறது என்றும் அவர் கருதினார். பொதுவகுப்பில் ஈவு 140 உடைய குழந்தை தன் நேரத்தில் பாதியையும், 170-க்கு மேற்பட்ட குழந்தை ஏறக்குறைய முழுவதையும் வீணாக்குகிறது என்பதும் அவருடைய மதிப்பீடே.

இறப்பு, பிறப்பு, நீதி பற்றிய வினாக்களும் இவ்வாறே. பன்னிரு வயதினரின் அறிவுநிலைக்கு ஒப்ப எழும் இவ்வினாக்கள் ஆறேழு வயதில் எழுமாயின், அவற்றைத் தாங்கும் உணர்ச்சி வலிமை அவ்வயதில் இராது. கேட்பது பெரியவர் கேள்வி. அழுவது குழந்தை அழுகை. ஹாலிங்வர்த் இதனை நோயென்று கூறவில்லை. குழந்தையின் பண்புக்குறை என்றும் கூறவில்லை. இருவேறு வேகங்களுக்கு இடையேயுள்ள தொலைவு என்றே கண்டார். 1936-இல் நியூயார்க்கின் ஸ்பேயர் பள்ளியில் அவர் நடத்திய வகுப்புகளில் அன்றாடப் பொருள்களின் வரலாறும் பெரியோர் வாழ்க்கை வரலாறுகளும் பாடத்தில் இடம்பெற்றமைக்கு இதுவே காரணம். அறிவுக்குத் தீனி கிடைக்க வேண்டும். ஒத்த குழந்தைகளின் உறவும் கிடைக்க வேண்டும் என்பது அத்திட்டம். 2002-இல் அமெரிக்க அறிஞர் பலர் கூடி வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும் மீத்திறன் குழந்தைகள் இயல்பிலேயே மனநலம் குன்றியவரல்லர், இடர்ப்பாடு பெரும்பாலும் சூழற்பொருத்தமின்மையால் வருவது என்னும் முடிவையே முன்வைத்தது.

இவ்விடைவெளிக்குப் பிற்காலத்தார் பெயர் சூட்டினர். பிரெஞ்சு உளவியலார் ழான்-ஷார்ல் தெராசியே, குழந்தையின் உள்ளேயுள்ள ஏற்றத்தாழ்வையும் குழந்தைக்கும் சமூகத்துக்கும் இடையேயுள்ள ஏற்றத்தாழ்வையும் பிரித்துக் காட்டி இரண்டையும் 'டிஸ்ஸான்க்ரொனி' என்றார். விரைந்து படிக்கும் குழந்தையின் எழுதும் கை பின்தங்குவது முதல்வகை. வகுப்பின் வேகமும் குழந்தையின் வேகமும் மாறுபடுவது இரண்டாம் வகை. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் கூடிய குழுவினர் 1991-இல் 'ஏசிங்க்ரனஸ்' என்னும் அடையைக் கொண்டு மீத்திறனையே வரையறுத்தனர். மதிப்பெண்ணோ சாதனையோ அவ்வரையறையில் இல்லை. குழந்தையின் அகவாழ்வே அதன் நடுவிடம். இரு சொற்களும் ஒரே கிரேக்க அடியிலிருந்து வந்தவை. முன்னொட்டுத்தான் வேறு. பிரெஞ்சுச் சொல்லின் 'டிஸ்' கெடுதலைக் குறிக்கும், நோய்ப்பெயர்களில் வருவது. ஆங்கிலச் சொல்லின் 'ஏ' இன்மையை மட்டும் குறிக்கும்.

தமிழில் இதற்கு 'ஒத்திசைவற்ற வளர்ச்சி' என்று எழுதலாம். இன்மைப் பொருள் கிட்டினும் 'ஒத்திசைவு' இசையையும் இணக்கத்தையும் நினைவூட்டுவதால் குழந்தை இணங்காதது என்னும் குறிப்பு வந்துவிடுகிறது. 'ஒவ்வா வளர்ச்சி' இன்னும் இடர் மிக்கது. 'ஒவ்வாமை' மருத்துவத் தமிழில் நோய்ப்பெயராகிவிட்டது. 'பல்வேக வளர்ச்சி' என்னும் ஆக்கத்தை ஆய்வுக்கு முன்வைக்கிறேன். கூறுகள் தத்தம் வேகத்தில் வளர்கின்றன என்பதை அது உடன்பாட்டு முகத்தால் சொல்கிறது. யார்மீதும் குறை சுமத்துவதில்லை. குழந்தைக்கும் வகுப்புக்கும் இடையேயுள்ள மாறுபாட்டை இச்சொல் நேரடியாகத் தருவதில்லை என்பது உண்மை. அவ்விடத்தில் 'வேக இடைவெளி' என்று கூறலாம்.

போலந்துச் சொல்லின் பயணம்

மொழிபெயர்ப்பால் ஒரு கோட்பாடு எத்துணை உருமாறும் என்பதற்குப் போலந்து உளமருத்துவர் காஜிமியேஷ் டோம்ப்ரோவ்ஸ்கியின் (1902–1980) எழுத்துகளைப் போல் விளக்கமான சான்று பிறிதில்லை. வார்சாவில் 1935-இல் உளநலக் கழகத்தை நிறுவிய இவர், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போதும் பின்னர்ப் பொதுவுடைமை ஆட்சியிலும் சிறைப்பட்டவர். மனத்தின் பழைய கட்டமைப்பு கலைந்தாலன்றி உயர்ந்த ஆளுமை உருவாகாது. ஆகவே கலக்கம், குற்றவுணர்வு, தன்மீது கொள்ளும் வெறுப்பு ஆகியன எப்போதும் நோயல்ல, பல நேரங்களில் வளர்ச்சியின் அறிகுறிகள் என்பது அவருடைய கோட்பாட்டின் சாரம். கோட்பாட்டின் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'நேர்மறைச் சிதைவு' என்று வரும். இது பெரும்பிழையாகும். தமிழில் 'மனச்சிதைவு' என்பது ஒரு கடும் மனநோயின் பெயர். 'நேர்மறை' அடையோ அந்நோயின் அறிகுறிகளை வகைப்படுத்தும்போது மருத்துவர் ஆளுவது. நோயன்று என்று கூற வந்த கோட்பாடு தன் பெயரிலேயே நோயாகிவிடும். மேகம் கலைதல், கூட்டம் கலைதல் என்னும் வழக்குகளை ஒட்டி 'ஆக்கமுறு கலைவு' என்பது என் பரிந்துரை. கலைந்தது மீண்டும் கூடும் என்னும் எதிர்பார்ப்பும் அவ்வினையில் உண்டு.

இக்கோட்பாட்டின் ஒரு கூறே மீத்திறன் கல்வியாளரிடையே பெரிதும் பரவியது. சிலர் தூண்டல்களுக்குப் பிறரைவிட வலுவாகவும் நீண்ட நேரமும் துலங்குகின்றனர். இத்தன்மை உள–இயக்கம், புலன், அறிவு, கற்பனை, உணர்ச்சி என ஐவகையில் வெளிப்படும். இதற்குரிய போலந்துச் சொல் 'நாத்போபுத்லிவொஷ்ச்'. கனடாவின் ஆல்பர்ட்டாப் பல்கலைக்கழகத்தில் டோம்ப்ரோவ்ஸ்கியோடு பணியாற்றிய மைக்கேல் பியெஹோவ்ஸ்கி 1979-இல் இக்கருத்தை மீத்திறன் குழந்தைகளோடு இணைத்து எழுதிய பின்னரே அது ஆங்கில உலகில் வேகமாகப் பரவியது. ஆங்கிலத்தில் இச்சொல் 'ஓவர்' என்னும் முன்னொட்டோடு நிலைபெற்றது. இங்குத்தான் சரிவு தொடங்குகிறது. போலந்தின் 'நாத்' மேலே என்பதைக் குறிக்கும். இயற்கை கடந்தது, மனிதனைக் கடந்தவன் என்னும் பொருளுடைய உயர்வுச் சொற்களிலும் அது வரும். ஆங்கில 'ஓவர்' உணவோடும் உழைப்போடும் செலவோடும் சேரும்போது அளவு மீறிய குற்றமாகிறது.

போலந்து மூலத்தையே நேரே கொள்வோர்க்கும் இடர் இல்லாமலில்லை. 'உள–இயக்க' என்னும் அடையோடு சேர்ந்த இதே தொடர் இன்றைய போலந்து வழக்கில் கவனக்குறைவு–மிகையியக்க நிலையின் பெயராக வழங்குகிறது. டோம்ப்ரோவ்ஸ்கி வளர்ச்சி ஆற்றலின் அறிகுறியாக வைத்த சொல் இன்று நோய்நிலைப் பெயர். எந்த நூல், எந்த ஆண்டு என்று பாராது பெயர்ப்பவர் ஒன்றை மற்றொன்றாக்கிவிடுவார்.

தமிழில் ஆங்கிலத்தின் வழியே வருபவர்க்கு எளிதில் கிட்டும் ஆக்கம் 'மிகைக் கிளர்ச்சி'. 'மிகை' என்பதற்குக் குற்றம் என்னும் பொருளும் உண்டென்பதை அகராதிகள் காட்டும். 'மிகைபடக் கூறல்' நூற்குற்றங்களுள் ஒன்றாக நன்னூலில் வைக்கப்பட்டிருத்தலை இவ்விதழின் வாசகர்க்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 'கிளர்ச்சி' என்பதோ செய்தித்தாள் தமிழில் ஆட்சிக்கு எதிரான எழுச்சி. இரண்டும் சேர்ந்த தொடரைப் படிக்கும் ஆசிரியர் அடங்காத பிள்ளையையே மனத்தில் காண்பார். 'மீத்திறன்' என்னும் சொல்லில் முன்னரே கைவந்த 'மீ' இங்கும் உதவுகிறது. போலந்தின் 'நாத்' என்பதற்கு அதனினும் பொருத்தமான இணை நம்மிடம் இல்லை. தூண்டல்–துலங்கல் என்னும் இணை தமிழக உளவியல் நூல்களில் நன்கு வேரூன்றியிருப்பதால் 'மீத்துலங்கல்' என்று கொள்ளலாம். அறிவுசார் மீத்துலங்கல், உணர்ச்சிசார் மீத்துலங்கல் என ஐவகையும் தடையின்றி அமைகின்றன. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாட்டுள் வைத்த 'மருட்கை' அறிவுசார் மீத்துலங்கலுக்கு மிக அணுக்கமான அனுபவத்தைக் குறிப்பினும், அதனைக் கலைச்சொல்லாக்கின் மற்ற நான்கு வகைகளோடு ஒரு வரிசையில் நில்லாது.

பெயரை மட்டும் சீர்செய்தால் போதுமா என்னும் வினா எழலாம். மீத்துலங்கலுக்கும் மீத்திறனுக்கும் உள்ள தொடர்பு எல்லா வகையிலும் ஒரே அளவில் மெய்ப்பிக்கப்படவில்லை. அறிவுசார் வகையில் தொடர்பு தெளிவாகவும் உள–இயக்க வகையில் மிக நலிவாகவும் உள்ளது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் அறிஞர் மூவர், இங்கு அளக்கப்படுவது பெரும்பாலும் ஆளுமை உளவியல் கூறும் 'அனுபவத்துக்குத் திறந்த மனம்' என்னும் பண்பே, ஆகவே அப்பெயராலேயே அதனை வழங்க வேண்டும் என்று வாதிட்டனர். அவர்கள் கூற்று முழுவதையும் ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. உணர்ச்சியின் வலிமையைத் திறந்த மனம் என்னும் சொல் தாங்காது. ஆயினும் பூசல் முழுவதும் பெயரிடலைச் சுற்றியே நடைபெறுவது கருதத்தக்கது.

தமிழில் முன்பே உள்ள பெயர்கள்

கலைச்சொல் சென்று சேரும் இடம் வெற்றிடமன்று. இக்குழந்தைகளுக்குத் தமிழில் முன்பே பெயர்கள் உள்ளன: அதிகப்பிரசங்கி, முந்திரிக்கொட்டை, தொட்டாற்சிணுங்கி. இவற்றுள் 'அதிகப்பிரசங்கி' பொருண்மையியல் நோக்கில் தனிக்கவனத்துக்குரியது. கூற்றின் மெய், பொய் பற்றி அச்சொல் ஒன்றும் கூறுவதில்லை. கூறியவர் வயதாலோ தகுதியாலோ கேட்பவரினும் இளையவர் என்னும் முற்கோள் அதன் பொருளிலேயே அமைந்துள்ளது. அதே கூற்றைப் பாட்டனார் கூறினால் அது அறிவுரை. எட்டு வயதுப் பெயரன் கூறினால் அதிகப்பிரசங்கம். பல்வேக வளர்ச்சியுடைய குழந்தை தன் அறிவுநிலைக்கு இயல்பாகப் பேசும் ஒவ்வொரு பேச்சும் இச்சொல்லின் எல்லைக்குள் வந்துவிடுகிறது. வாய்மூடியிருத்தலே பாதுகாப்பு என்று குழந்தை கற்றுக்கொள்ளும். 'தொட்டாற்சிணுங்கி' உணர்ச்சிசார் மீத்துலங்கலுக்குக் கிட்டத்தட்ட நேரான நாட்டு வழக்கு. செடியின் இயல்பைச் செடியின் குற்றமாகக் காணும் வழக்கு அது. பெற்றோர்க்கான கையேடுகளில் இச்சொற்களை ஒதுக்குவதைவிட எடுத்துக்காட்டி விளக்குவது பயன்தரும். படிப்பவர் வீட்டில் வழங்கும் சொல் அதுவே.

உறவுமுறைப் பெயர்களும் இங்கு இடையிடுகின்றன. மீத்திறன் குழந்தையை மேல்வகுப்புக்கு உயர்த்துதல் ஹாலிங்வர்த் முதலாகப் பலரும் ஆராய்ந்த தீர்வு. பழைய தலைமுறையினர் 'டபுள் புரமோஷன்' என்று அறிந்தது இதுவே. அறிவுக்கு ஒத்த வகுப்புக் கிடைக்கிறது. நட்பு கிடைக்கிறதா? ஒரே வகுப்பில் படிப்போர் பெயர்சொல்லியும் 'வாடா, போடா' என்றும் ஒருவரையொருவர் அழைத்துக்கொள்வர். மூன்றாண்டு இளைய குழந்தைக்கு அவ்வுரிமை இல்லை. அது 'அண்ணா' என்றோ 'அக்கா' என்றோ விளிக்க வேண்டும். விளித்த அக்கணமே மூத்தோர் இளையோர் படிநிலை வகுப்பறைக்குள் வந்துவிடுகிறது. தம்பிக்கு விட்டுக்கொடுப்பர், தம்பியை அரவணைப்பர். தம்பியோடு வாதிட மாட்டார்கள். ஆங்கிலத்தில் எல்லாரையும் பெயராலும் ஒரே முன்னிலைச் சொல்லாலும் அழைக்கும் குழந்தைகளைக் கண்டு எழுதிய நூல்களில் இச்சிக்கலுக்கு இடமில்லை.

நூலைப் பெயர்ப்பவர்க்கோ இதிலிருந்து தப்ப வழியில்லை. ஹாலிங்வர்த் விவரிக்கும் குழந்தை தன்னினும் மூத்த சிறுவர்களை நெருங்கும் இடத்தைத் தமிழில் எழுதும்போது அக்குழந்தையின் வாயில் எவ்விளியை வைப்பது? 'அண்ணா' என்று வைத்தால் தமிழ் வாசகர்க்கு இயல்பாக இருக்கும். ஆனால் அக்குழந்தை அவர்களிடம் நாடியது அண்ணன்மாரின் அன்பையன்று, ஒத்தாரோடு ஆடும் ஆட்டத்தை. ஆகவே பெயர்சொல்லி விளிப்பதாகவே எழுதி, அச்சிறுவர்கள் மூன்று நான்கு ஆண்டுகள் மூத்தவர்கள் என்பதையும் அவர்கள் நாட்டு வழக்கில் அவ்வாறு விளித்தல் மரியாதைக் குறைவன்று என்பதையும் பக்கத்தின் அடியில் குறித்துவிடலாம்.